பஸ் ஏறி வந்த முட்டை

கூரியரிலோ ஆம்னி பஸ்ஸிலோ வந்து இறங்கும் அடைமுட்டைக்கு வயது என்ன? அனுப்பியவர் ‘மூன்று நாள் முட்டை’ என்பார். வாங்கியவர் இன்குபேட்டரில் அடுக்கிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, அதிலிருந்து 21 எண்ணுவார். கருவின் கணக்கு இரண்டுக்கும் முந்தியது. சூலகத்திலிருந்து விடுபட்ட மஞ்சள் கரு, கருக்குழாயின் வாய்க்குள் விழுந்த கால் மணி நேரத்துக்குள் விந்தணுவைச் சந்தித்துவிடுகிறது. அதன்பிறகு வெண்கரு சேர்ந்து, சவ்வு போர்த்தி, ஓடு கட்டி வெளியே வர ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். ஓடு கட்டுவதற்கு மட்டுமே 20 மணி நேரம் போகிறது. அந்த நேரம் முழுக்க முட்டை இருப்பது கோழியின் உடம்புக்குள், 41 டிகிரி செல்சியஸ் சூட்டில். கரு சும்மா இருக்குமா? பிரிந்து பிரிந்து பெருகுகிறது. கோழி கொக்கரித்துக்கொண்டு எழுந்து போகும் நேரத்தில், மஞ்சள் கருவின் மேல் வெள்ளைப் பொட்டாகத் தெரிகிற அந்தச் சின்ன வட்டத்தில் 40,000 முதல் 60,000 செல்கள் வரை சேர்ந்திருக்கும்.

இட்ட முட்டை ஆறுகிறது. ஆறியதும் கரு வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. இந்த நிறுத்தம் மட்டும் இல்லாவிட்டால் கோழி இனமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் இட முடியாத பறவை, பத்துப் பன்னிரண்டு முட்டைகளையும் ஒரே நாளில் பொரித்துக் குஞ்சுகளை மொத்தமாகக் கிளப்பிக்கொண்டு போக வேண்டுமானால், முதலில் இட்டது கடைசியில் இடப்போவதற்காகக் காத்திருந்தாக வேண்டும். காட்டுக்கோழிக்கு அமைந்த இந்த ஏற்பாட்டைத்தான் முட்டையைப் பார்சல் கட்டி ஊர்விட்டு ஊர் அனுப்புகிறவர்கள் இன்று பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே பொரிக்கும் கணக்கை எழுதுவதில் இன்குபேட்டருக்கு நாம் கொடுக்கும் இடம் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். பொரித்தால் ‘நல்ல மெஷின்’, பொரிக்காவிட்டால் ‘மெஷின் சரியில்லை’. முட்டை வழியில் எப்படிக் காத்திருந்தது என்பதில்தான் பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. வீட்டுப் பெட்டி அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதாது. மேலும் கெடுக்காமல் இருந்தால், அதுவே அது செய்யும் உதவி.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். இனத்துக்காக. சிறுவிடை, பெருவிடை, அசில் என்று சுத்தமான வம்சம் தேடுகிறவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் அது கிடைப்பதில்லை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரத்தின் கடக்நாத் கோழிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் மேல் மோகம் இன்னும் கூடியது. கோழி வாங்குவதைவிட முட்டை மலிவு, பெட்டியும் சின்னது. கடக்நாத் பெட்டை அடை உட்காருவதில் அவ்வளவு கெட்டியும் இல்லை, எனவே நாட்டுக்கோழியின் அடியிலோ இன்குபேட்டரிலோதான் வைத்தாக வேண்டும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: கடக்நாத்தின் தோலும் கறியும் எலும்பும்கூடக் கறுப்பாக இருக்கும், முட்டை கறுப்பல்ல. இளம் பழுப்பாக, சாதாரண நாட்டு முட்டை போலவே இருக்கும். கரிய முட்டைப் படத்தைக் காட்டி விற்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். அதேபோல் கடையில் அட்டையோடு வாங்கும் நாமக்கல் முட்டையை எந்தப் பெட்டியில் எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. அந்தக் கூண்டுகளில் சேவலே கிடையாது.

இனி சாலைக்கு வருவோம். கரு எந்தச் சூட்டுக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்துகிறது என்று சார்லஸ் லிங்கன் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1902-இல் அளந்து பார்த்தார். அவருக்குக் கிடைத்த விடை 20, 21 டிகிரி. பின்னால் வந்தவர்கள் அந்தக் கோடு அவ்வளவு கூர்மையானதல்ல என்று வாதாடியிருக்கிறார்கள். ஆனாலும் குஞ்சுப் பொரிப்பகங்கள் இன்றும் ஒரு வாரம் வரை வைக்கும் முட்டைகளை 15 முதல் 18 டிகிரியில் வைப்பது அந்தக் கோட்டுக்குக் கீழே பாதுகாப்பான தூரத்தில் நிற்பதற்காகத்தான். மேலே 37.5 டிகிரி என்பது முழு வளர்ச்சிக்கான சூடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதினாறு டிகிரிதான் ஆபத்தான பகுதி. அங்கே செல்கள் முழுதாக உறங்குவதுமில்லை, ஒழுங்காக வளர்வதுமில்லை. சில பாகங்கள் நகர்கின்றன, சில பின்தங்குகின்றன. ஒரு நாள், இரண்டு நாள் இப்படி அரைகுறையாக ஓடிய கரு வலுவிழக்கிறது; பெட்டிக்குள் வைத்த முதல் சில நாட்களிலேயே இறந்துபோகிறது.

தமிழ்நாட்டின் வருடாந்தர வெப்பத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே அறையின் சூடே பெரும்பாலான மாதங்களில் 28, 30 டிகிரி. சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். பகல் முழுக்க வெயிலில் நின்ற பஸ்ஸின் டிக்கிக்குள், எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு முட்டைப் பெட்டி எட்டு மணி நேரம் கிடந்தால் அது பயணம் மட்டுமல்ல, அரைகுறை அடைகாப்பும்கூட. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது முட்டை தெளிவாகத் தெரிகிறது. வாங்கியவர், “கரு கூடாத முட்டையைத் தள்ளிவிட்டுட்டாரு” என்கிறார். அனுப்பியவர், “சேவல் நல்லாத்தான் மிதிக்குது, பார்சல்காரன் குலுக்கிட்டான்” என்கிறார். இரண்டு பேருமே தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. கரு கூடியிருந்தது, குலுங்கவும் இல்லை, வெந்நீர் விளாவும் அளவு சூட்டில் இரண்டு நாள் கிடந்ததால் போயிற்று என்பதை இருவருமே யோசிப்பதில்லை. குலுக்கலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நம் ஊர்ச் சாலைகளில் முட்டையை அதிகம் கொல்வது சூடு என்பதே என் கணிப்பு. விமானக் கூரியரில் எக்ஸ்ரே கதிர் பட்டதால் கெட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டி சோதிக்கும் கருவியின் கதிர் அளவு மிகமிகச் சொற்பம். அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம்.

சூடுதான் எதிரி என்றால் ஃபிரிட்ஜில் வைத்து அனுப்பலாமே? வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரி வரை போகிறது. அந்தக் குளிரில் உடனே செத்துவிடாது, ஆனால் பொரிப்பு குறையும். இன்னொரு சிக்கல் வெளியே எடுக்கும்போது தொடங்குகிறது: குளிர்ந்த முட்டை நம் ஊர்க் காற்று பட்டதும் வியர்க்கிறது. முட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேற்பூச்சு ஒன்று உண்டு. துளைகளை அடைத்துக் கிருமியைத் தடுப்பது அதுதான். ஈரம் பட்டால் அந்தக் காவல் தளர்கிறது. அழுக்காக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரில் கழுவுவது இன்னும் மோசம். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருப்பது சுருங்கி, வெளியிலிருக்கும் ஈரத்தைக் கிருமியோடு துளை வழியே இழுத்துக்கொள்கிறது. அனுப்பும்வரை முட்டையை ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைப்பது நம் வறண்ட உள் மாவட்டங்களில் நன்றாக வேலை செய்யும். பஸ்ஸைப் பொறுத்தவரை, மார்கழி, தை மாதத்து இரவு வண்டியைவிட நல்ல ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாள் கடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முட்டையிலிருந்து கரியமில வாயு மெல்ல வெளியேறுகிறது, வெண்கரு காரத்தன்மை ஏறி நீர்த்துப்போகிறது. ஒரு வாரம் வரை பெரிய இழப்பில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிப்பு இறங்கும், பொரிக்கிற குஞ்சும் சற்றுத் தாமதமாக வரும்.

குலுக்கல் அப்படிச் சுருக்கமாக விடக்கூடிய விஷயமல்ல. கிராமத்தில் அடை வைக்கும் கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இரும்பு எதையும் தாங்காது. அடைமுட்டை அதிர்வுக்கு அஞ்ச வேண்டிய பொருள் என்று அந்தப் பெண்கள் கவனித்திருந்ததுதான் அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. வானத்து இடியைவிட வேகத்தடை கெடுதல் என்பது பிந்திய காலத்து அறிவு.

அதிர்வு என்ன செய்கிறது? உடம்புச் சூட்டோடு வெளியே வந்த முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. ஓட்டின் உள்பக்கம் இரண்டு சவ்வுகள் ஒட்டியிருக்கின்றன. சுருங்கும்போது பருத்த முனையில் அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, அந்த இடைவெளியில் காற்று புகுகிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது ஒரு முனையில் பள்ளமாகத் தெரிவது அந்தக் காற்றறைதான். அது ஒரு மூலையில் பொருந்தி நிற்க வேண்டும். விடாமல் அதிர்கிற வண்டியில், அதுவும் கூர்முனை மேலாகவோ படுக்கையாகவோ வைக்கப்பட்டு வந்தால், உள்சவ்வு மேலும் பிய்ந்து காற்றறை பக்கவாட்டில் பரவுகிறது. சிலவற்றில் குதிரைச் சேணம் போல் இருபுறமும் வழிந்திருக்கும். சவ்வே கிழிந்துவிட்டால் காற்று குமிழியாகி, முட்டையைச் சாய்க்கிற பக்கமெல்லாம் கொத்தனாரின் ரசமட்டத்துக் குமிழி மாதிரி ஓடும். இருட்டில் டார்ச் அடித்தால் இதை யாரும் பார்க்கலாம். மஞ்சள் கருவை இரு முனையிலிருந்தும் முறுக்குக் கயிறு போலத் தாங்கிநிற்கும் வெண்கரு இழைகளும் தளர்கின்றன, கெட்டி வெண்கரு நீர்த்துப்போகிறது. மஞ்சள் கரு நிலைகொள்ளாமல் ஓட்டுப் பக்கம் ஒதுங்குகிறது.

வந்த முட்டையை உடனே சூட்டில் வைக்காமல் பருத்த முனை மேலாக, அட்டைக் குழிகளில் 12 முதல் 24 மணி நேரம் ஆற வைக்கச் சொல்வது இதற்காகத்தான். காற்றுக்கு மேலே ஏறும் குணம் உண்டு; பருத்த முனை மேலே இருந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பிச் சேர வழி கிடைக்கிறது. தளர்ந்த காற்றறைகளில் சில இப்படி மீண்டும் நிலைபெறுவதுண்டு. முழுதாகக் கிழிந்தவை பெரும்பாலும் தேறா. ஓய்வு கொடுக்கும் இடம் குளுமையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 34 டிகிரி சமையலறை மூலையில் ஒரு நாள் ‘ஓய்வு’ கொடுத்தால், பஸ் தொடங்கிய வேலையை நாமே முடித்துவைத்ததாக ஆகும்.

இதன்பின் ஒரு தர்மசங்கடம் வருகிறது. முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கோழி நாள் முழுக்க அலகால் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறது. திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும், ரத்தக்குழாய் வலை சரியாகப் பரவாது, வெண்கருவிலிருந்து நீர் கருவைச் சூழ்ந்து சேர்வது குறையும். ஆனால் காற்றறை ஆடிக்கொண்டிருக்கும் முட்டையை உருட்டினால் காயம் ஆறாது. பார்சல் முட்டைகளை முதல் ஐந்தாறு நாள், சிலர் ஏழு நாள்வரை, தொடவே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1957-இல் டி.ஏ.டி. நியூ என்ற கருவியல் ஆய்வாளர், திருப்புவது எந்த நாட்களில் கட்டாயம் என்று சோதித்தார். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை திருப்பியதே பெரும் பலன் தந்தது. அந்த நாட்களில் திருப்பாமல் விட்டதைப் பிந்திய நாட்களில் ஈடுகட்ட முடியவில்லை. அப்படியானால் ஏழு நாள் தொடாமல் விடுவது, சவ்வைக் காப்பாற்றப் போய் ரத்தக்குழாயைப் பறிகொடுப்பதாகும். முதல் இரண்டு நாள் விடலாம், மூன்றாம் நாள் தொடங்கிவிட வேண்டும். உருட்டத் தேவையில்லை. முட்டைகள் நிமிர்ந்தபடி இருக்க, அட்டையின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்து 45 டிகிரி சாய்த்துவைத்து, சில மணி நேரம் கழித்து மறுபக்கம் மாற்றினால் போதும். கையால் செய்பவர்கள் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை என்று ஒற்றைப் படையில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் நீண்ட இரவு எப்போதும் ஒரே சாய்வில் கழியாது.

பெட்டியின் சூட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்: விசிறி உள்ளதில் 37.5 டிகிரி. விசிறி இல்லாத தெர்மோகோல் பெட்டியில் சூடான காற்று மேலே தேங்குவதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளக்கும்போது 38.3 முதல் 38.9 வரை இருக்க வேண்டும். சென்சார் ஒயர் பல்புக்குப் பக்கத்தில் தொங்கினால் திரையில் தெரியும் எண் பல்பின் கதையைச் சொல்லும், முட்டையின் கதையைச் சொல்லாது. மலிவான கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரு டிகிரி பிசகுவது சகஜம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இதே எல்லையில் துல்லியமாக அளக்கச் செய்யப்பட்டது. அதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைவிட எளிய வழி இல்லை.

கரண்ட் போனால் பதறுகிறவர்கள் கூடுதலாகச் சூடேறுவதற்கு அந்த அளவு பதறுவதில்லை. நியாயப்படி தலைகீழாக இருக்க வேண்டும். அடைக்கோழியும் இரை எடுக்கத் தினமும் சிறிது நேரம் எழுந்து போகத்தான் செய்கிறது. சற்று ஆறுவதைக் கரு தாங்கும். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் இருந்தால் தாங்காது. அதோடு கரு வளர வளர அதுவே சூடு தருகிறது. கடைசி வாரத்தில் ஒவ்வொரு முட்டையும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெப்பம் விடுகிறது. நெருக்கமாக அடுக்கிய பெட்டியில் இது சேர்ந்துகொள்ளும். முதல் வாரம் சரியாக இருந்த பெட்டி மூன்றாம் வாரம் தானாகச் சூடேறுவது இதனால்தான்.

ஈரப்பதத்தில்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள் என்று தோன்றுகிறது. வேறு நாட்டுக் கையேட்டில் ‘தண்ணீர் ஊற்று’ என்றிருந்தால் ஊற்றிவிடுகிறோம். முதலில் முட்டை எதற்கு நீரை இழக்க வேண்டும் என்று பார்ப்போம். ஹெர்மன் ரான், அமோஸ் ஆர், சார்லஸ் பகனெல்லி மூவரும் அமெரிக்காவின் பஃபலோவில் முட்டை எப்படி மூச்சுவிடுகிறது என்று ஆராய்ந்து, 1979-இல் பொது வாசகர்களுக்காகவும் எழுதினார்கள். 60 கிராம் கோழி முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 10,000 துளைகள் இருக்கின்றன. 21 நாளில் அவற்றின் வழியே சுமார் 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது, 4.5 லிட்டர் கரியமில வாயுவும் 11 லிட்டர் நீராவியும் வெளியே வருகின்றன. நுரையீரல் இன்னும் வேலைக்கு வராத உயிர், ஓட்டை ஒட்டிப் படர்ந்த ரத்தக்குழாய் வலையால் இத்தனையையும் நடத்துகிறது. வெளியேறிய நீரின் இடத்தைக் காற்று நிரப்புகிறது, காற்றறை பெரிதாகிறது. 18-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 14 விழுக்காடு இழந்திருந்தால்தான் குஞ்சு திரும்பவும் மூச்சுவிடவும் உள்ளே இடம் இருக்கும். குறைவாக இழந்தால் நீர் கோத்து உப்பிய குஞ்சு உள்ளேயே மூழ்கும். அதிகம் இழந்தால் சவ்வு காய்ந்து இறுகும்.

இழப்பைத் தீர்மானிப்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம். அது வெளிக்காற்றைச் சூடாக்கியதுதான். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரமுள்ள காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். முதல் 18 நாளுக்கு அதுவே போதும். இதற்கு மேல் கிண்ணம் நிறைய நீர் வைத்தால் குஞ்சுகள் நனைந்த கல்லறைக்குள் போகும். சேலத்துக் கோடையில் 35 டிகிரி, 30 விழுக்காடு என்றால் பெட்டிக்குள் 26 விழுக்காடுதான் இருக்கும். அங்கே நீர் வைத்தே ஆக வேண்டும். ஒரே பெட்டி, ஒரே இன முட்டை, இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பொரிப்பதற்குக் காரணம் தேடி ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

ஈரப்பத மீட்டரைவிடத் தராசை நம்பலாம். 45 கிராம் நாட்டு முட்டை 12 விழுக்காடு இழக்க வேண்டுமென்றால் 18 நாளில் 5.4 கிராம், அதாவது நாளைக்கு 0.3 கிராம். தனி முட்டையை நிறுக்கச் சமையலறைத் தராசு போதாது, ஆனால் இருபது முட்டையைத் தட்டோடு சேர்த்து நிறுத்தால் வாரத்துக்கு 42 கிராம் குறைய வேண்டும். அது எந்தத் தராசிலும் தெரியும். குறைவு போதவில்லையென்றால் தண்ணீரை எடு, மிஞ்சினால் ஊற்று. பார்சல் முட்டை வழியிலேயே கொஞ்சம் எடை இழந்துதான் வந்திருக்கும். எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. அதனால் நடுவில் நிற்பதைக் குறியாக வைத்து, 14-ஐ நெருங்க விடாமல் பார்த்துக்கொள்வது என் யோசனை.

கரு இருக்கிறதா என்று முதலில் உடைத்துப் பார்த்துப் பதிவு செய்தவர்களில் அரிஸ்டாட்டில் முக்கியமானவர். கோழி முட்டைகளை வெவ்வேறு நாட்களில் திறந்து, மூன்றாம் நாளளவில் ரத்தப் பொட்டு ஒன்று உயிருள்ளது போலத் துடிப்பதை எழுதிவைத்தார். எருவின் சூட்டில் எகிப்தியர் முட்டை பொரிப்பதையும் குறிப்பிட்டவர் அவர். இன்று நமக்கு ஓட்டை உடைக்காமலே டார்ச் வெளிச்சத்தில் அது தெரிகிறது. ஏழாம் நாள் சிவப்பு வலையும் நடுவில் ஆடும் கறுப்புக் கண்ணும் தெரிந்தால் அந்த முட்டை பயணத்தைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முழுதாக இல்லை. காற்றறை பிசகியிருந்தால் அதன் விலை கடைசி மூன்று நாளில்தான் கேட்கப்படும்.

18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்றி, பெட்டியை மூடிவிட வேண்டும். உள்ளே குஞ்சு தலையை வலது இறக்கைக்குக் கீழே செருகி, அலகைக் காற்றறைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தேவை ரத்தக்குழாய் வலை தரும் மூச்சைத் தாண்டிவிடுகிறது. கரியமில வாயு ஏறுகிறது. கழுத்துத் தசை வெட்டி இழுக்கிறது. அலகின் நுனியிலுள்ள சின்னக் கொம்புப் பல் சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் நுழைகிறது. முதல் மூச்சு அங்கேதான். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்பது இதற்குப் பிறகு. வழியில் கிழிந்து நகர்ந்துபோன காற்றறை என்றால் அலகு நீட்டும் இடத்தில் காற்று இருக்காது. 20 நாள் குறையில்லாமல் வளர்ந்த குஞ்சு அந்த நிமிடத்தில் போய்விடும். வாங்கியவர் கடைசி நாள் ஈரப்பதத்தைக் குற்றம் சொல்வார், அது மூன்று வாரத்துக்கு முந்தைய வேகத்தடையின் வேலை என்பது தெரியாமல்.

காற்றறையைத் துளைத்த குஞ்சு பிறகு ஓட்டில் கீறல் விடுகிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தை இத்தனை நாளும் ஓட்டிலிருந்தே எடுத்ததால் ஓடும் இளகியிருக்கும். கீறல் விட்டதும் 12, சமயத்தில் 24 மணி நேரம் ஒன்றுமே நடக்காது. நம் கை துறுதுறுக்கும். உரித்துவிடக் கூடாது. அந்த நேரத்தில்தான் சவ்விலிருக்கும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. முந்திக்கொண்டு உரித்தால் ரத்தம் வடியும். மூடியைத் திறந்தாலோ ஈரம் ஓடிப்போய், சவ்வு மற்றக் குஞ்சுகளின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காடை முட்டைகளை வைத்து 1960-களில் ஆராய்ந்த மார்கரெட் வின்ஸ், பக்கத்து முட்டைகளிலிருந்து வரும் ‘டிக்’ ஒலிகளைக் கேட்டுக் குஞ்சுகள் தம் வேகத்தை ஒன்றுக்கொன்று சரிசெய்துகொள்வதைக் கண்டார். வயதுக்கேற்பப் பிரித்துத் தள்ளிவைத்து அடுக்குவதைவிட முட்டைகளைத் தொட்டும் தொடாமலும் கூட்டமாக வைப்பதற்கு இது ஒரு நியாயம்.

வயிற்றுக்குள் போன அந்த மஞ்சள் கரு, பொரித்த குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள் கட்டுச்சோறு. அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் ஏற்றிக்கொள்வதற்கு இதுவே அடிப்படை. யோசித்தால் வினோதம்: உயிர்த்துடிப்போடு கத்துகிற குஞ்சு பயணத்தை முட்டையைவிட நன்றாகத் தாங்குகிறது. வேண்டிய இனம் ஒரு நாள் குஞ்சாகக் கிடைக்குமானால் நான் அதையே வாங்கச் சொல்வேன். முட்டையேதான் வேண்டும் என்பவர் பாதி பொரித்தால் மனநிறைவு கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

23-ஆம் நாள் மிச்சமிருப்பதைத் தூக்கி எறியும் முன், தோட்டத்தில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு உடைத்துப் பாருங்கள். ரத்த வளையம் மட்டும் இருந்தால் முதல் வாரத்தில் போனது; சூடான வழியோ பழைய முட்டையோ காரணமாக இருக்கலாம். முழுக் குஞ்சு நீர் கோத்துக் கிடந்தால் நம் கிண்ணத் தண்ணீர். முழுக் குஞ்சு, அலகு காற்றறையைத் தொடவில்லை, காற்றறையும் கோணலாக இருக்கிறது என்றால் பார்சல். ஒன்றுமே வளராமல் தெளிவாக இருப்பவைதான் சண்டைக்குரியவை: கரு கூடவில்லையா, கூடி வழியில் செத்ததா என்று மூன்று வாரச் சூட்டுக்குப் பிறகு வெறுங்கண்ணால் சொல்வது கடினம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் பார்சல் வந்த நாள். டஜனில் ஒன்றைத் தியாகம் செய்து தட்டில் உடையுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஓரம் பிசிறிய, அடர்ந்த சின்ன வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல் படவில்லை. பெரிய வட்டமாக, நடுவில் சற்றுத் தெளிந்து, சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால் கரு கூடிய முட்டை. ஒரு முட்டையை வைத்து மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் அனுப்பியவரிடம் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு, நாற்றம் இல்லையென்றால் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிக்கொள்ளலாம்.